ரேவதி எழுதிக்கொடுத்த ஒரே பொய்

பொன்னேரி ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றிருந்தபோது ரேவதியின் கணவர் போன் செய்தார். "மேடம், ரேவதி போயிட்டா. விடிகாலைல. மூச்சு வாங்கிக்கினே இருந்தா, அப்டியே நின்னுட்ச்சு." வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் "கஷ்டப்படாம போய்ச் சேர்ந்தாங்க" என்றார்கள். பொய். நுரையீரல் கெட்டு ஒன்றரை வருஷம் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தவள். ரேவதி இருந்திருந்தால் அந்த வாக்கியத்தைப் பலகையிலிருந்து அழித்திருப்பார்.

அவரிடம் படித்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு எதிரே, டயர் கடை மாடியில், ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் ஆங்கில வகுப்பு நடத்தினோம். வந்தவர்கள் கம்பெனித் தொழிலாளிகள். பள்ளியில் படித்து மறந்த இலக்கணத்தை மறுபடி ஓட்டிப் பார்த்து, சூப்பர்வைசர் தேர்வு எழுத வேண்டியவர்கள். எந்த இடத்தில் எந்த வாக்கிய அமைப்பு என்று விளக்குவது என் வேலை. உதாரணம் எழுத வைப்பது ரேவதியின் வேலை. அதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதுகிற வாக்கியம் எழுதுகிறவருக்கு உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். "ராமன் மாம்பழம் தின்றான்" என்று யாராவது எழுதினால் போச்சு. "எந்த ராமன்? உங்க தெருவா? நீ பாத்தியா?" என்பார்.

"எப்போ எந்த டென்ஸுன்னு மனப்பாடம் பண்ணா நிக்காதுப்பா. உனுக்கு நடந்தத சொல்லிப் பாரு, அதுவே வந்து உக்காரும்" என்பது அவர் பேச்சு. நடந்து முடிந்ததற்கு ஒருவர், "அப்பா பொங்கலன்று குடியை விட்டார்" என்று எழுதுவார். அன்று தொடங்கி இன்னும் நீள்வதற்கு இன்னொருவர், "மூன்று மாதமாக என் மனைவி என்னோடு பேசவில்லை" என்பார். நடக்காமலே போனதைச் சொல்லும் 'இஃப்' வாக்கியத்தை நடத்திய அன்று பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இது கிராமர் கிளாஸா, எழவு ஊடா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான்க்கா" என்று அடுத்த ஆளை எழுப்பினார்.

அந்தச் சட்டம் ஒருவரின் சோற்றில் மண்ணைப் போட்டது. தேவராஜ் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டியவர், காண்ட்ராக்ட் ஆள். செய்தவர் யாரென்று தெரியாதபோது எழுதும் பாசிவ் அமைப்பை நான் நடத்தி முடித்ததும், அவர் பலகைக்குப் போனார். "எங்கள் மெஷினின் பாதுகாப்புக் கதவு கழற்றப்பட்டிருக்கிறது. இன்னும் மாட்டப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதினார். இலக்கணத்தில் தப்பே இல்லை. நான் கைகூடத் தட்டினேன். வகுப்பில் யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள். படம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் தேவராஜுக்கு வேலை இல்லை.

ரேவதி என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனார். வெயிலில் நிற்க வைத்தார்கள். வெளியே வந்த அதிகாரி, "அப்படி ஒருத்தர் எங்க ஆளே இல்லியே மேடம்" என்று சிரித்தார்.

பிறகு காக்களூர் தொழிற்பேட்டையில் இரண்டு இடங்களில் இன்டர்வியூ. பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். தேவராஜ் உள்ளதைச் சொன்னார். இரண்டு இடத்திலும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மூன்றாவது இன்டர்வியூவுக்கு முன்னால் மாடிக்கு வந்தார். "ஊட்ல ஒரு வேளதான் அடுப்பு எரியுது, டீச்சர். நான் இன்னா சொல்லட்டும்?" ரேவதி சாக்பீஸை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "குடும்பக் காரணத்தால் நானே விலகினேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினார். "மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார். எங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். வேலை கிடைத்தது.

ரேவதிக்கு அது ஆறவே இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டார். "தேவராஜு அங்கதான கீறான்? யாரும் தோண்டித் துருவி கேக்கலியே?" இல்லை என்றேன். "அந்தப் பொய்ய மட்டும் நான் எழுதியிருக்கக் கூடாதுக்கா. கதவு விஷயமே அதோட மூடிப்போச்சு. கதவு இல்லாத மெஷின்ல இப்போ வேற யாரோ கைய வெச்சிக்கினு இருக்கான்." எனக்குக் கோபமாக வந்தது. "நீ எழுதலன்னா அவன் புள்ளைங்க இன்னா சாப்டிருக்கும்?" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சமாதானம் ஆனாரா, மூச்சுக்குத்தான் மூடினாரா, தெரியவில்லை.

அவர் போன பின் வந்த ஞாயிறு எனக்குப் பாடம் நடத்த வரவில்லை. ரேவதியைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம், எந்த அமைப்பிலும் எழுதுங்கள், உண்மையாக இருக்கட்டும் என்றேன். தேவராஜ் காக்களூரிலிருந்து வண்டி மாறி வந்திருந்தார். அவர் பலகையில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "டீச்சர் எனக்கு ஒரு பொய் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து என் வீட்டில் இரண்டு வேளையும் அடுப்பு எரிகிறது."

அவருடைய சட்டத்தை நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு முன்னால் முதுகைக் காட்டி அவர் நின்றாரே, அதை நான் வைத்துக்கொள்கிறேன். தேவராஜின் வாக்கியத்தை இன்னும் அழிக்கவில்லை. அதை ரேவதி படிக்காமல் போய்விட்டார். எனக்குத் தாங்காதது அதுதான்.