கொக்குக் கரையும் விலை கூடின லேப்டாப்பும்

காஞ்சிபுரத்தில் புடவை எடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். விலை கூடினால் ஜரிகை கூடும். குறைந்த விலைப் புடவையில் இருப்பதெல்லாம் கூடின விலைப் புடவையிலும் இருக்கும், மேலே இன்னும் கொஞ்சம் இருக்கும். இதே நினைப்போடு நான் லேப்டாப் வாங்கப் போனேன். எனக்கு நல்லா வேண்டும். ஆனால் அந்தக் கடைக்காரரை மட்டும் நான் சும்மா விடுவதாக இல்லை.

என் வேலை புடவைக்கு டிசைன் போடுவது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கரையை வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். அந்த அட்டை தறிமேல் ஏறினால்தான் கரையில் உருவம் விழும். தறி வீட்டிலேயே இருக்கிறது, நெய்கிறவர் என் கணவர். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முகூர்த்தப் புடவை எங்கள் தறியில்தான் என்று ஆகிவிட்டது. அவள் ஏனாத்தூர் காலேஜுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தவள். வழியில் வயல்களில் தினமும் பார்த்த கொக்குகள் கரையில் வேண்டும் என்று கேட்டாள்.

"மயிலு, அன்னம்லாம் எல்லாரும் கட்டுறாங்க அத்தை. எனக்குக் கொக்கு போட்டுக் குடு."

எத்தனையோ பேருக்கு டிசைன் போட்டிருக்கிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை. ஆசையாக உட்கார்ந்தேன். பாதிக் கொக்குகள் பறந்தபோது பழைய லேப்டாப் திணற ஆரம்பித்தது. புதிதாகத் திறந்த லேப்டாப் கடைக்குப் போனேன். அங்கே இருந்ததிலேயே விலை கூடினதை எடுத்து வைத்தார் கடைக்காரர். மெல்லிய உலோக உடம்பு. புடவை ஓரத்தைத் தடவுவது போல அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வழுவழு என்று இருந்தது. புடவை டிசைன் போடுகிறேன், இதில் ஓடுமா என்று தமிழில்தான் கேட்டேன். இப்போது எல்லாமே நெட்டில்தான் மேடம், இதில் ஓடாதது எதுவும் இல்லை என்றார். பழையதை எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டார். என் வரைபடங்களை மட்டும் பத்திரமாகப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன்.

வீட்டில் பென்டிரைவைச் செருகினேன். கொக்குக் கரையின் பெயர் திரையில் தெரிந்தது, ஆனால் திறக்கவில்லை. டிசைன் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிற தம்பி வந்து அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது நெட்டு பாக்குறதுக்குன்னே செஞ்சது, அக்கா. நம்ம சாஃப்ட்வேர் இதுல ஏறாது."

நெட் பார்க்க மட்டுமா இத்தனை விலை? அதைத்தான் என் கைப்பேசி ஓசியில் செய்கிறதே. நேராகக் கடைக்குப் போனேன். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பழையது சென்னைக்குப் போய்விட்டதாம். இது பிரீமியம் மேடம், உங்களுக்குப் பழகவில்லை என்று எனக்கே பாடம் வேறு. போலி ஜரிகையை அசல் என்று நாங்கள் விற்றிருந்தால் பெண் வீட்டார் குடும்பத்தோடு வாசலில் வந்து நின்றிருப்பார்கள். இவர்களைக் கேட்க நாதியில்லை.

டிசைன் போடுகிற மற்றவர்களிடம் கெஞ்சிப் பார்த்தேன். முகூர்த்த சீசனில் யார் தன் மெஷினை விடுவார்கள்? இன்னொன்று வாங்கலாம் என்றால் கையில் இருந்தது முழுக்க அந்த வழுவழுப்பில் போய்விட்டது. தறியில் பாவு நூல் ஏறிக் காத்துக்கொண்டிருந்தது. என் கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"நேரம் போய்க்கினே இருக்குதுமா. மயிலு அட்டை ஒருத்தர்கிட்ட இருக்குது. வாங்கியாந்து போட்டுடறேன்."

மயில்தான் நெய்தார்.

கல்யாணம் முடிந்து வீடியோ நெட்டில் வந்தது. அதைப் பார்க்க நாத்தனாரும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த லேப்டாப்பில்தான் போட்டேன். சொல்லக்கூடாது, படம் அப்படி ஒரு தெளிவு. இழை இழையாகத் தெரிகிறது என்று நாத்தனார் வாய் ஓயாமல் புகழ்ந்தார். மணையில் உட்கார்ந்திருந்தவளின் கரையில் யாரோ வரைந்த மயில்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மயிலும் நல்லாத்தான் இருக்குது அத்தை."

அந்தப் பொய்யை அந்தப் பெண் வாயிலிருந்து வரவைக்கத்தான் நான் அத்தனை விலை கொடுத்திருக்கிறேன்.