கலண்டரில் அடைத்த ராகுகாலம்

எங்கள் முதலாளி அண்ணை ராகுகாலத்தில் புது வேலை எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். சுவிஸின் டீட்டிகோனில் துப்புரவு நிறுவனம் நடத்தும் யாழ்ப்பாணத்து மனிதர். எவ்வளவு பெரிய ஒப்பந்தமாக இருந்தாலும் ராகுகாலம் முடியாமல் பேனாவைத் தொடமாட்டார். அவருடைய கந்தோரில் மின்னஞ்சல், சந்திப்பு நேரங்கள், வாடிக்கையாளர் விபரம் எல்லாம் என் பொறுப்பு. வாடிக்கையாளர்கள் இணையத்தில் என் கலண்டரைப் பார்த்துத்தான் அவரோடு நேரம் பிடிப்பார்கள். ஆகவே கிழமை முழுதும் வரும் ராகுகாலத்தை அதில் அடைத்துவிடச் சொன்னார்.

“பேர் ஒண்டும் எழுதாதையும் பிள்ளை. வெள்ளையள் பாத்தால் சிரிப்பாங்கள். சும்மா அடைச்சு விடும்.”

அடைத்தேன். தலைப்பில்லாத சாம்பல் நிறப் பெட்டிகள், நாளுக்கொரு நேரத்தில். செவ்வாய் என்றால் பின்னேரம் மூன்றிலிருந்து நாலரை. அந்த நேரமெல்லாம் நான் அதே கதிரையில் இருந்து தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு ஒரு சுவிஸ்காரர் நிறுவனத்தில் பங்காளியாகச் சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, மின்னஞ்சல், கலண்டர், தொடர்புகள் எல்லாவற்றையும் வேறொரு கிளவுட்டுக்கு மாற்றவேண்டும் என்றார். மாற்றிமுடிந்ததும் கந்தோருக்கு முழுநேரப் பொறுப்பாளர் ஒருவரைப் போடுவதாகவும் சொன்னார். எனக்கு அப்போது அறுபது வீத வேலைதான். மிச்சத்துக்கு, பின்னேரங்களில் அட்லிஸ்வில்லில் ஒரு கந்தோரைத் துடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். முழங்கால் இரண்டும் போதும் போதும் என்று கெஞ்சின. அந்தப் பதவி கிடைத்தால் வாளியையும் துடைப்பத்தையும் விட்டுவிடலாம்.

“அது உமக்குத்தான் பிள்ளை. வேற ஆருக்கு?” என்றார் அண்ணை.

நம்பினேன். மாடு மாதிரி உழைத்தேன். பழைய மின்னஞ்சல்களை ஒன்றும் தவறாமல் கொண்டுபோனேன். “மூண்டாம் மாடி நாய்க்கார அம்மா”, “சாவி தராத மனிசன்” என்றெல்லாம் அண்ணை பதிந்துவைத்திருந்த தொடர்புகளுக்கு உண்மையான பெயர்களைத் தேடிப் போட்டேன். எல்லோருடைய கலண்டரையும் திறந்து சரிபார்த்தேன். என்னுடையதை மட்டும் பார்க்கவில்லை. அதில் என்ன கிடக்கிறது, எனக்குத் தெரியாததா?

புது இடத்தில், தலைப்பில்லாமல் அடைத்த நேரத்தையெல்லாம் எல்லாவற்றையும் மாற்றித்தந்த அந்தச் சனியன் பிடித்த மென்பொருள் “அப்வேசெண்ட்” என்று மாற்றிவைத்திருந்தது. ஆள் இல்லை என்று அர்த்தம். ஊதா நிறத்தில், எல்லோரும் பார்க்கும்படி.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பங்காளி என் கலண்டரைச் சுவரில் காட்டினார். குரலை உயர்த்தவேயில்லை. வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம், அதுவும் நாளுக்கொரு நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கோப்பிக்குள் கரண்டியை விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார். வாயில் கொழுக்கட்டையோ என்று கேட்க நாக்கு உன்னியது. நானே சொன்னேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்: இது எங்களுடைய கெட்ட நேரம், முதலாளி சொல்லித்தான் அடைத்தேன், நான் எங்கும் போகவில்லை.

பங்காளி அண்ணையின் பக்கம் திரும்பினார். அண்ணை சிரித்தார்.

“இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் நம்புகிறார்கள்? அது இவருடைய சொந்த விஷயம். நான் தலையிடுவதில்லை,” என்றார், சுத்தமான ஜெர்மனில்.

அவ்வளவுதான். என்னைக் கைகழுவிவிட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தோளோடு ஒட்டி நடந்து, “கோவிக்காதையும் பிள்ளை, அந்தாளுக்கு முன்னால நான் வேற என்னத்தைச் சொல்லுறது?” என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு என்ன செலவு?

பதவி வெளியிலிருந்து வந்த ஒரு சுவிஸ் பெண்ணுக்குப் போனது. நல்ல பிள்ளை, அவளில் எனக்குக் கோபமில்லை. அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க நேரம் குறிக்கும் வேலை, வேறு யாருக்கு, எனக்குத்தான் வந்தது. செவ்வாய் மூன்று மணிக்கு வர வசதி என்று எழுதியிருந்தாள். அண்ணையிடம் சொன்னேன்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மூண்டு வேண்டாம். நாலரைக்குப் பிறகு போடும்.”

“ஏன் அண்ணை?”

“உமக்குத் தெரியும்தானே.”

“இந்தக் காலத்தில ஆர் அண்ணை அதையெல்லாம் நம்புகினம்?”

அவர் முகம் கறுத்தது. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் கலண்டரைத் திறந்து நாலே முக்காலுக்குப் போட்டுவிட்டு, அட்லிஸ்வில் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினேன்.