பதினேழாவது தளத்தில் விட்டுவந்த ஆள்

அந்த விளையாட்டுல படமே கிடையாது. கறுப்புத் திரை, அதுல வெறும் எழுத்துங்கதான். சுவருன்னா கோடு, நாயின்னா ஒரு எழுத்து, நாமன்னா ஈமெயில் முகவரி நடுவுல வர்ற அந்தச் சுழி. பாதாளத்துக்குள்ள தளம் தளமா இறங்கிக்கிட்டே போகணும். செத்தா செத்ததுதான், மறுபடி முதல்ல இருந்து. இதுல என்னடா இருக்குன்னு கேக்கறவங்ககிட்ட நான் பேசறதே இல்ல.

நெய்வேலி குவார்ட்டர்ஸ்ல, எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல, நானும் அக்காவும் ஒரே ஆளை வச்சு இதை விளையாடினோம். அப்பாவுக்கு மைன்ஸ்ல ஷிஃப்ட் வேலை. அதைப் பாத்து நாங்களும் ஷிஃப்ட் போட்டுக்கிட்டோம். முடிக்கும்போது ஆளைப் பத்திரமா ஒரு மூலையில நிறுத்திட்டு, அடுத்தவங்களுக்கு நோட்டுல எழுதி வைக்கணும். 'பசி. ரொட்டி ஒண்ணுதான் இருக்கு. கீழ இறங்கித் தொலைக்காத.' நான் அவசரக்குடுக்கை, என் ஷிஃப்ட்லதான் எப்பவும் சாவு. அக்கா திட்டுவா, காதைத் திருகுவா, ஆனா பேச்சை நிறுத்த மாட்டா. கடைசியா ஒருத்தனைப் பதினேழாவது தளம் வரைக்கும் கொண்டுபோனது அவதான்.

அந்தச் சமயத்துலதான் அப்பா தவறிட்டார், சர்வீஸ்ல இருக்கும்போதே. வாரிசுக்கு ஒரு வேலை. ஒண்ணே ஒண்ணு. அக்கா டிப்ளமா முடிச்சிருந்தா. நான் அரியர் வச்சுக்கிட்டு ஊர் சுத்திக்கிட்டிருந்தேன். 'பொண்ணு கட்டிக்கிட்டுப் போயிடுவா, பையனுக்கே எழுதுங்க'ன்னு பெரியப்பா, சித்தப்பா எல்லாம் கூடிப் பேசி முடிச்சாங்க. தனக்கு ஆட்சேபணை இல்லன்னு அக்கா கையெழுத்துப் போட்டா. நான் வாயைத் திறக்கல. எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சு, அதனால திறக்கல. இன்னிக்கு நான் பெர்மனென்ட். அக்கா வாழ்க்கைப்பட்டது பக்கத்துல வடக்குத்துங்கற ஊர்ல, வேலை காண்ட்ராக்ட்ல. நல்லது கெட்டதுல பாத்தா 'நல்லா இருக்கியா'ம்பா. அதோட சரி.

போன மாசம் பரண்ல இருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கிப் போட்டுப் பாத்தேன். ஓடுச்சு! சேவ் பண்ணின ஃபைலும் இருந்துச்சு. ஆள் செத்திருந்தா ஃபைலே இருக்காது. அப்ப அவன் இன்னும் உயிரோட இருக்கான்! ஆனா திறக்கல. இந்த விளையாட்டுல ஒரு கிறுக்குத்தனம் உண்டு. யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு, சேவைத் திறந்த நிமிஷமே அது டிஸ்க்ல இருந்து அழிஞ்சிடும். ஒழுங்கா முடிச்சு வெளிய வந்தாத்தான் திரும்ப எழுதும். அக்கா இல்லாம அதைத் தொடக் கூடாதுன்னு இருந்தேன். வேற எதைச் சொல்லி அவ வீட்டுப் படி ஏறுவேன்? மன்னிச்சிருன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாத்தையும் ஆட்டோல ஏத்திக்கிட்டுப் போய் இறங்கினேன்.

'எதுக்குடா இந்தக் குப்பையத் தூக்கிக்கினு வர்ற?'

சொன்னேன். அக்கா ஈரக்கையைத் துடைச்சுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. 'தள்ளு. நீ தொட்டா செத்துப்பூடுவான்'னா. எத்தனை வருஷம் ஆச்சு அவ என்னைத் திட்டி!

திரை வந்துச்சு. அதே மூலையில நிக்கறான் எங்க ஆளு. 'அடப்பாவி, இன்னும் பசியோடவே நிக்கிறான் பாரு'ன்னு சிரிச்சா. ரொட்டியைத் தின்ன வச்சா. கதவுப் பக்கமா ரெண்டடி நகத்தினா. இப்பவே சொல்லிடணும்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. 'அக்கா, அன்னிக்கு நீ போட்ட கையெழுத்து...'

ஃபேன் நின்னுச்சு. திரையும் போச்சு.

நான் சுவிட்சைத் தட்டறேன், ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகறேன். கரண்ட் போயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. நிலக்கரி வெட்டி ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற கம்பெனியோட குவார்ட்டர்ஸ்லயே பொறந்து வளர்ந்தவனுக்கு, கரண்ட் போற பழக்கமே கிடையாது. அரை மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்ததும் போட்டுப் பாத்தோம். ஃபைல் இல்ல. அவன் போயே போயிட்டான்.

'வீட்டுல ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைக்க மாட்டியா?'ன்னு அவ மேலயே எரிஞ்சு விழுந்தேன். கழுதை நான். எதைச் சொல்ல வந்தேன், எதைச் சொன்னேன்!

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துட்டா.

'எங்க வூட்ல கரண்ட் இப்பிடித்தான்டா போவும். ஒனக்கு எங்க தெரியப்போவுது?'

'நல்லா இருக்கியா'ன்னு கேப்பாளே, அதே குரல்ல சொன்னா. கோபமா சொல்லியிருந்தா அவ கால்லயே விழுந்திருப்பேன்.