காலி டேங்க்கும் முள்ளங்கியும்

1. மாடியில் சத்தம்

புதுப்பட்டினத்தில் பிளம்பிங் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். அடைத்த கக்கூஸ், மோட்டாரில் ஷாக், தரைக்கடி சம்ப்புக்குள் பாம்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் எனக்குப் பயம் என்றால் அது புயல் நேரத்துக் காலி டேங்க்தான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் நம் வீடுகளில் என்ன செய்வோம்? கரன்ட் போய்விடுமே என்று குடம், அண்டா, டிரம், குழம்புச் சட்டி வரைக்கும் தண்ணீர் பிடித்து வைப்போம். அத்தனையும் மாடி டேங்க்கிலிருந்து இறங்குகிறது என்பது அந்த அவசரத்தில் ஒருவருக்கும் உறைக்காது. அடுத்த தெருத் தனம்மாவும் அதைத்தான் செய்திருந்தார். திரும்ப மோட்டார் போடுவதற்குள் கரன்ட்டை நிறுத்திவிட்டார்கள்.

மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. "பாய், மாடில டேங்கு டம்மு டம்முனு அடிச்சிகினு கீது. கொஞ்சம் வந்து பாரு பாய்."

காற்று அப்போதே ஆளைத் தள்ளியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். மாடிப்படி வீட்டுக்குள் இருந்தது நல்லதாயிற்று. மேல் கதவைத் திறந்தேன். மூடி பறந்துபோன ஆயிரம் லிட்டர் டேங்க், ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கி உட்கார்ந்தது. வீட்டுக்குள் இறங்கும் டவுன் பைப் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். அதற்கு நேர் கீழே, அதே காம்பவுண்டில், சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் குடியிருந்த செல்வி, இரண்டு பிள்ளைகளோடு உள்ளே இருந்தாள்.

"மொதல்ல அவுங்கள இங்க கூட்டாங்க!" என்று கத்தினேன்.

"எங்கத்த கூட்டார்றது? முருங்கமரம் சாஞ்சி அவுங்க கதவ அடச்சிகினு கீது" என்றார் தனம்மாவின் கணவர் ஏழுமலை. சிறுசேரியில் கேப் ஓட்டுபவர். "வெட்லாம்னு போனேன் பாய், காத்து என்னியத் தூக்கிப் போட்ருச்சி." முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

கயிறு போட்டுக் கட்டலாமென்றால் அந்த மாடியில் ஒரு கம்பிகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"புடிச்சி வெச்ச தண்ணியெல்லாம் மேல கொண்டாங்க. திருப்பி டேங்க்ல ஊத்தணும். கனம் இருந்தாத்தான் நிக்கும்."

"குடிக்கிற தண்ணி பாய்!" என்றார் தனம்மா.

"ஊத்துமா!"

2. முள்ளங்கி

முதல் குடம் வருவதற்குள் பைப், டேங்க் அடியிலேயே வால்வோடு முறிந்துவிட்டது. ஓடிப்போய் டேங்க்கைக் கட்டிப் பிடித்தேன். வீரமெல்லாம் இல்லை, கை தானாகப் போய்விட்டது. அது என்னையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கீழேயிருந்து பிள்ளைகள் அழும் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. யா அல்லா, இது என் கையை மீறிப் போய் அவர்கள் மேல் விழுந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு குடம் ஊற்றினார்கள். முறிந்த வாய் வழியாக அத்தனையும் வெளியே ஓடியது. அந்த அளவுக்குப் பைப் வாயை மூடும் எண்ட் கேப் என் பையில் இல்லை.

"அடைக்க எதுனா குடுங்கம்மா! கட்டையோ, காயோ!"

தனம்மா சமையலறைக்கு ஓடி ஒரு முள்ளங்கியோடு வந்தார். ஏழுமலை டேங்க்கைப் பிடித்துக்கொள்ள, நான் குப்புறப் படுத்து, முள்ளங்கியில் என் துண்டைக் கிழித்துச் சுற்றி, ஓட்டைக்குள் திருகி உள்ளங்கையால் அடித்தேன். ஓட்டம் சொட்டாகக் குறைந்தது.

"ஊத்துங்க!"

குடம், அண்டா, டிரம் என்று வீட்டில் இருந்த தண்ணீர் முழுவதும் படியேறியது. எத்தனை தடவை ஏறினார்களோ, தனம்மாவுக்குக் கடைசியில் கால் மடங்கியது. டேங்க் தூக்குவதை நிறுத்தி, நடுங்கி, பிறகு உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று திசை மாறி முன்னைவிட மோசமாக அடித்தது. நாங்கள் மூவரும் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டேங்க் அசையவில்லை.

"வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல பாய், இன்னா பண்றது?" என்றார் தனம்மா.

"அதே தண்ணிதான்மா மேல கீது. மொண்டு குடிங்க."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

3. காற்று நின்ற பிறகு

மரத்தை வெட்டிக் கதவைத் திறந்தபோது செல்வி பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே மெத்தை போட்டு வைத்திருந்தாள். மேலே டேங்க் அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கரன்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டுக்கொண்டு பாத்திரங்களில் பிடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் டேங்க் தளும்ப வேண்டும். பிறகு டேங்க் அடியிலுள்ள கேட் வால்வை மூடுங்கள். கீழே பைப் உடைந்தாலும் தண்ணீர் மேலேயே நிற்கும். புயல் போன பிறகு, சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கிறதா, மோட்டார் நனைந்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் சுவிட்சைத் தொட விடாதீர்கள்.

நான் சொல்லி யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. செல்வி கேட்கிறாள். அடுத்த புயலுக்கு எச்சரிக்கை வந்த அன்று அந்தப் பக்கம் போனேன். அவள் குடங்கள் காலியாக வரிசையில் நின்றன. அவள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, தண்ணி புடிக்கலியா?"

"இரு பாய். மேல ரொம்பட்டும்."

ஓவர்ஃப்ளோ பைப்பிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் வீட்டு ஷீட் மேல் சடசடவென்று கொட்டியது. அதைக் கேட்ட பிறகுதான் முதல் குடத்தைக் கையில் எடுத்தாள்.