பால் பொங்கி அணைந்த அடுப்பு

பெங்களூரிலிருந்து வந்த கடைக்காரர் முன்னால் எங்கள் அடுப்பு அணைந்தபோது, ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து நான் பார்த்த முதல் டெமோ அது. புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. பொருள்

நாங்கள் செய்வது மலையேறுகிறவர்களுக்கான அடுப்பு செட். ஒரு தண்ணீர் பாட்டில், அதன் அடிப்பாகத்தில் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும் கப், கப்புக்குக் கீழே மடக்கு ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்குள் உட்காரும் சின்ன ஸ்பிரிட் பர்னர். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் இடுப்பில் மாட்டும் பைக்குள் அடங்கிவிடும். கோவில்பட்டியைச் சுற்றி மலையேறுகிறவர் யாரென்றால், ஆடு காணாமல் போனவர்தான். அவர் அங்கே நின்று சமைப்பதில்லை. ஆகவே இது வெளியூர்க்காரர்களுக்கான பொருள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, செய்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காட்டுல மூணு கல்லக் கூட்டித்தான இத்தன நாளும் கஞ்சி காய்ச்சுனோம். இதுக்கா உன்னய நாலு வருசம் படிக்க வச்சோம்?" என்றாள். அதற்கு எங்கள் சிலபஸில் பதில் இல்லை.

முதலாளி அண்ணாச்சி பரம்பரையாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். லைட்டர் வந்து தீப்பெட்டி படுத்துவிட, ஒரு ஷெட்டைக் காலி செய்து இதில் இறங்கியிருந்தார். பெங்களூர்க்காரருக்கு அங்கே மலையேற்றச் சாமான் கடைகள் உண்டு. அவர் வருகிறார் என்று தெரிந்த அன்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏலே, இந்த ஆர்டர் வந்தா ஷெட்டு ஓடும். வரலைன்னா பழையபடி தீப்பெட்டிய அடுக்கிருவேன். நீயும் ஊரப் பாத்துப் போயிர வேண்டியதான்."

2. நல்ல நேரம்

டெமோவை ஷெட்டுக்குள், நிழலில் நடத்த வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அண்ணாச்சியோ வெட்டவெளியில் கோலம் போடச் சொல்லி, பர்னருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். புது அடுப்பில் முதலில் பால்தான் காய வேண்டும், அதுவும் பொங்கிக் கிழக்கே வழிய வேண்டும்.

வந்தவர் கால்சட்டையில் எண்ண முடியாத அளவுக்குப் பைகள். ஒவ்வொரு பைக்கும் ஒரு ஜிப். ஏசி காரை விட்டு இறங்கியவர், ஷெட் வாசலில் இருந்து கோலம் வரைக்கும் நடப்பதற்குள் "வெயில் ஓவரா இருக்கே" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். மலையேறுவதைத் தொழிலாகக் கொண்டவர் என்பதால் நான் மரியாதையோடு குடை பிடித்தேன்.

அண்ணாச்சி தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். தீ தெரியவில்லை. இன்னொரு குச்சி கிழித்தார். பற்றிவிட்டது அண்ணாச்சி என்றேன். "எங்கலே பத்திச்சி? பொறந்ததுல இருந்து தீயோட கெடக்கேன், எனக்கே சொல்லித் தாரியா?" என்று கையைப் பர்னருக்கு மேலே கொண்டுபோனார். அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கப்பின் உள்பக்கம் ஒரு கோடு உண்டு. அதுவரைக்கும்தான் ஊற்ற வேண்டும் என்று நான் எழுதியே ஒட்டியிருந்தேன். கோடுவரை ஊற்றினால் எப்படிப் பொங்கும் என்பது அண்ணாச்சியின் கட்சி. விளிம்புவரை ஊற்றினார். பொங்கியது. குலவை எழுந்தது. பால் நாலா பக்கமும் வழிந்து, கப்பின் அடியைச் சுற்றிக்கொண்டு, நேரே பர்னருக்குள் இறங்கியது. ஒரு சின்ன 'உஸ்'. அவ்வளவுதான்.

கடைக்காரர் வேறு பீஸ் கொடுங்கள் என்றார். அண்ணாச்சி பெருமையோடு, மற்ற எல்லா சாம்பிளுக்கும் வெள்ளிக்கிழமையே தன் கையால் பால் காய்ச்சிவிட்டதாகச் சொன்னார். நான் பெட்டி வாங்க சாத்தூர் போயிருந்த நாள் அது. ஒன்றுக்குச் செய்துவிட்டு மற்றதுக்குச் செய்யாமல் விட்டால் நன்றாகவா இருக்கும் என்று வேறு கேட்டார். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லா பர்னரிலும் ஓட்டைகளைத் தீய்ந்த பாலாடை அடைத்திருந்தது. ஒன்றுகூடப் பற்றவில்லை.

3. யாருடைய டெஸ்ட் சரி

நான் அண்ணாச்சியைக் காட்டிக்கொடுக்காமலும் பொருளை விட்டுக்கொடுக்காமலும் பேச முயன்றேன். முறைப்படி உபயோகித்தால் இப்படி ஆகாது, நான் எத்தனையோ தடவை கொதிக்கவைத்துப் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"எதை வச்சு டெஸ்ட் பண்ணீங்க தம்பி?"

"தண்ணி சார். கோடு வரைக்கும்."

"மலைல எவனும் கோடு பார்த்து ஊத்த மாட்டான். நூடுல்ஸைப் போட்டுட்டு போட்டோ எடுக்கப் போயிடுவான். அது பொங்கித்தான் ஊத்தும். குளிர்ல அடுப்பு அணைஞ்சா பச்சையாத் தின்னுட்டு என் கடையைத் திட்டுவான். நீங்க பண்ணதுக்குப் பேர் டெஸ்ட் இல்ல. உங்க ஓனர் பண்ணாரே, அதுதான் டெஸ்ட்."

அண்ணாச்சிக்கு ஆர்டர் போன வருத்தம் ஒரு கணத்தில் பறந்துவிட்டது. "கேட்டுக்கோலே" என்றார்.

கடைக்காரருக்குத் தூத்துக்குடியில் வேறு வேலை. முடித்துவிட்டு இரண்டு நாளில் இதே வழியாக மதுரை விமான நிலையம் போவதாகவும், அதற்குள் பொங்கி வழிந்தாலும் அணையாத அடுப்பைக் காட்டினால் பேசலாம் என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் நான் செய்த ஒரே வேலை பால் பொங்கவைத்தது. பேக்கிங் பார்க்கும் சங்கரி அக்கா கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்னாடியே எத்தன வீடு பால் காய்ச்சிக் குடிபோறிய தம்பி?" பூனைகள் வேறு ஷெட்டைக் கண்டுபிடித்துவிட்டன.

முதலில் பர்னரைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் கட்டினேன். பால் உள்ளே போகவில்லை, காற்றும் போகவில்லை. தீ மூச்சுமுட்டிச் செத்தது. அப்புறம்தான் குனிந்து உட்கார்ந்து சொட்டு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். கப்பின் அடி மழமழவென்று இருந்ததால், வழிந்தது எல்லாம் அதை ஒட்டிக்கொண்டே நடுவுக்கு வந்து சொட்டியது. லேத் பட்டறைக்குப் போய், கப்பின் அடி ஓரத்தில் வட்டமாக ஒரு வரம்பு எழுப்பச் சொன்னேன். வயலில் தண்ணீரைத் தடுக்கிற வரம்பு மாதிரிதான். வந்த பால் அங்கேயே நின்று வெளிப்பக்கமாகச் சொட்டிவிட்டது. ஆளில்லாத ஷெட்டில் நானே எனக்குக் குலவை போட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

4. ராகு காலம்

கடைக்காரர் சொன்னபடி வந்தார். ஆனால் வந்த நேரம் ராகு காலம். அண்ணாச்சி பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெட்ட விடவில்லை. சார் இளநீர் சாப்பிடட்டும், கடலை மிட்டாய் சாப்பிடட்டும், நேரம் கழியட்டும் என்றார். விமானம் ராகு காலம் பார்ப்பதில்லை. கடைக்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

நான் அண்ணாச்சியைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, பால்தான ராகு காலத்துல பொங்கக் கூடாது? நூடுல்ஸு பொங்கலாம்லா?"

அவர் யோசித்தார். தன் அப்பாவிடம் கேட்டிருக்க முடியாத கேள்வி அது; அவர் காலத்தில் நூடுல்ஸ் இல்லை. "நூடுல்ஸுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல," என்றார் கடைசியில். "ஆனா நான் பாக்க மாட்டேன்." சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

இந்தத் தடவை ஷெட்டுக்குள், இருட்டான மூலையில் பற்றவைத்தேன். நீலத் தீ தெளிவாகத் தெரிந்தது. கோட்டை மீறித் தண்ணீர் ஊற்றி, எதிர்க்கடையில் வாங்கிய நூடுல்ஸையும் மசாலாவையும் போட்டேன். நுரைத்து வழிந்தது. வரம்பில் நின்றது. வெளியே சொட்டியது. தீ அசையக்கூட இல்லை. கடைக்காரர் தானே ஸ்பூனால் கிண்டி மறுபடி வழியவிட்டார். அப்போதும் எரிந்தது.

"அணைஞ்சிருச்சாலே?" என்றார் அண்ணாச்சி சுவரிடம்.

"எரியுது அண்ணாச்சி."

அங்கேயே நின்று முதல் ஆர்டரைச் சொல்லிவிட்டு, நூடுல்ஸையும் கப்போடு எடுத்துக்கொண்டு கடைக்காரர் கிளம்பினார். அண்ணாச்சி ராகு காலம் முடிகிறவரை அந்த ஆர்டரை ஒத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் பால் காய்ச்சினார், பொங்கியது, பிறகுதான் எனக்குக் கை கொடுத்தார்.

இன்றைக்கும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு செட்டைப் பொங்கவைத்துப் பார்த்த பிறகே பேக்கிங். வருகிற டீலர்களிடம் எல்லாம், இந்த டெஸ்டைத் தான் யோசித்துக் கண்டுபிடித்ததாகவே அண்ணாச்சி சொல்கிறார். நான் மறுப்பதில்லை. யோசித்து என்பது மட்டும்தான் பொய்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். நாம் செய்த பொருளை நாமே சோதிக்கும்போது, அது தோற்காதபடி நம்மை அறியாமலே பார்த்துக்கொள்கிறோம். கோட்டைப் போட்டதும் நாம், கோடுவரை ஊற்றுவதும் நாம். ஆகவே சொன்னால் கேட்காத, ஒட்டியிருப்பதைப் படிக்காத, எல்லாம் தெரியும் என்று நினைக்கிற ஒரு ஆளிடம் பொருளைக் கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் அவருக்குத் தனி அறையே உண்டு.