மாற்றி வரைந்தது நான்

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ரேடியோவில் ஓட்டும் விமானம் செய்தவர்கள் ஆறேழு பேர் இருந்திருப்போம். கடையில் எதுவும் கிடைக்காது. எஞ்சினும் ரேடியோ செட்டும் பிரான்சிலிருந்து லீவில் வருகிற சொந்தக்காரர்களின் பெட்டியில் வந்தால்தான் உண்டு. எங்கள் முதல் வரைபடமும் அப்படித்தான் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா கொண்டுவந்த பத்திரிகைக்குள் அது மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நான் ஒரு இன்ஜினியர் ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். வரையவும் தெரியும், அந்தத் தாளை வாசிக்கவும் தெரியும் என்பதால் வரைபடம் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் எல்லாமே தக்கை மாதிரி லேசான பால்சா மரம். பால்சாவுக்கு நாங்கள் எங்கே போவது? கல்யாண முருங்கைப் பலகையை இழைத்து வைத்தேன். பெரிய மார்க்கெட் பக்கம் கூடை முடைகிறவர்களிடம் மூங்கில் சிம்பு வாங்கினேன். மேலே ஒட்டப் பட்டம் விடுகிற காகிதம். எடை கூடியது, எடைக்காக இறக்கையை நீட்டினேன், இறக்கைக்காக வாலை மாற்றினேன். கடைசியில் சொல்தா கொண்டுவந்த விமானத்தில் பாதிதான் மிச்சம்.

அதை நிஜ அளவிலேயே டிரேசிங் தாளில் வரைந்து, வீட்டுப் பிளான் நகலெடுக்கிற கடையில் அம்மோனியா பிரிண்ட் போட்டுக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தேன். சும்மாதான் கொடுத்தேன். ஆனால் மூலையில் ‘மாற்றி வரைந்தது’ என்று போட்டு என் இனிஷியலை எழுத மறக்க மாட்டேன். என்னைக் கேட்காமல் யாராவது ஒரு கோட்டை நகர்த்தினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நகல் வாங்கியவர்களில் ஒருவர் மில்லில் ஃபிட்டர். முதலியார்பேட்டைக்காரர், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் வந்து, செய்து முடித்த பாகத்தைக் காட்டிவிட்டுப் போவார். ஒன்பது மாதம் அப்படி வந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு எஞ்சின். மச்சான் பிரான்சிலிருந்து கொடுத்துவிட்டது. அது போனால் இன்னொன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் எல்லோர் வேலையையும்விட அவர் வேலை சுத்தம். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

இந்த விமானங்களுக்கு ஒரு சமன் புள்ளி உண்டு. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிற இடம் அது. மற்ற அளவுகளை எல்லாம் ஸ்கேலை வைத்துத் தாளிலேயே அளந்துகொள்ளலாம். இதை மட்டும் நான் வரையவில்லை. வாலை மாற்றிய பிறகு புதிதாகக் கணக்குப் போட்டு, தாளின் ஓரத்தில் அவசரமாகக் கையால் எழுதி வைத்தேன். இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடுகிற சட்டத்துக்கு ஸ்பார் என்று பெயர். அதிலிருந்து எவ்வளவு பின்னால் என்பதுதான் அந்தக் குறிப்பு.

பறக்கவிடுவதற்கு முந்தின வாரம் ஃபிட்டர் வந்தார். சமன் புள்ளி ரொம்பப் பின்னால் தள்ளி வருகிறதே, வாலில் ஈயம் கட்டினால்தான் நிற்கிறது, இது சரிதானா என்று கேட்டார். நான் ஏதோ வேலையில் இருந்தேன். தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. எழுதியிருக்கிறபடி செய்யுங்கள், நான் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். சரி சார் என்று போய்விட்டார்.

கோடையில் ஊசுட்டேரியின் ஒரு பக்கம் காய்ந்து கிடக்கும். அங்கேதான் பறக்கவிடுவோம். அவர் விமானம் தரையை விட்டு எழுந்ததும் மூக்கை நேராக வானத்துக்குத் தூக்கியது. அவர் என்ன செய்தும் அது இறங்கவில்லை. ஒரு நொடி அப்படியே நின்று, பக்கவாட்டில் சுழன்று விழுந்தது. இறக்கை இரண்டாகப் போய்விட்டது. எஞ்சின் முகப்பு உடைந்து மண்ணில் புதைந்திருந்தது.

ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் கத்தினேன்.

“கண்ண எங்க வச்சிருந்தீங்க? மில்லு மிஷினுன்னு நெனச்சிட்டீங்களா இத?”

அவர் துண்டுகளைப் பொறுக்கிக் கோணியில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. தப்பு செய்தவருக்கு ரோஷம் வேறு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஆபீசுக்கு ஒரு மேஸ்திரி வந்தார். நான் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பைக் காட்டி, சுவரிலிருந்து ஏழு அடி தள்ளியா தொட்டி வரும், அது பக்கத்து வீட்டுக்காரர் இடமாயிற்றே என்றார். நான் எழுதியது ஒரு அடி. எங்கள் பள்ளிக்கூடத்தில் 1 என்று எழுதினால் தலையில் நீளமாக ஒரு கொக்கி இழுக்க வேண்டும். 7 என்றால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு. இழுக்காவிட்டால் அடி விழும். கொக்கி போட்ட என் ஒன்றை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஏழு என்றுதான் வாசிப்பார். மேஸ்திரி சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வரைபடத்தின் ஓரத்தில் எழுதிய குறிப்பு ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போய் டிரேசிங் தாளை விரித்தேன். ‘ஸ்பாருக்குப் பின்னால் 1 செ.மீ.’ அவர் ஏழு என்று வாசித்திருக்கிறார். எந்த விமானமும் அந்த இடத்தில் பறக்காது. பறக்காது என்று அவருக்கே தோன்றித்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு முதலியார்பேட்டைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், காபி வந்தது. என் ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் எழுந்து போய் ஒரு தாளைக் கொண்டுவந்து விரித்தார். என் வரைபடத்தை அவரே மறுபடி வரைந்திருந்தார். ஒன்றுகள் எல்லாம் வெறும் நேர்கோடு. நகல் வாங்கிய மற்றவர்கள் தாளிலும் திருத்திவிட்டதாகச் சொன்னார். மூலையில் ‘மாற்றி வரைந்தது’ என்ற இடத்தில் என் இனிஷியலே இருந்தது.

எப்போது தெரிந்தது என்று கேட்டேன். விழுந்த அன்றைக்கே, இறக்கை அகலத்துக்கு 27 என்று தான் வாசித்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்தபோது 21தான் வந்தது, அதில் புரிந்தது என்றார்.

“அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லலாந்தான். அதுக்கு முன்னாடியே ஒருவாட்டி வந்து கேட்டனே சார்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். பரவாயில்லை சார் என்றார். காபி ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார். எஞ்சினுக்கு முகப்பு கடைசல் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பறக்கவிடும்போது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன். சரி சார் என்றார்.

அடுத்த கோடையில் அவர் விமானம் ஊசுட்டேரியை நாலு சுற்று சுற்றிவிட்டு, வைத்த இடத்தில் வந்து இறங்கியதாம். மற்ற ஐந்து பேரும் போயிருந்தார்கள். எனக்கு அவர்கள் சொல்லித்தான் தெரியும்.