ஆறு இருபத்தாறுக்கு நின்ற ரேடியோ

இது நடந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவன் இல்லை நான். பஞ்சாயத்து ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். குடிப்பழக்கம் கிடையாது. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. தினமும் ரேடியோவில் செய்தி தொடங்கும்போது என் கைக்கடிகாரத்தைச் சரிசெய்து வைப்பது வழக்கம். அதனால் இதில் சொல்லும் நேரங்கள் ஒரு நிமிடம்கூடப் பிசகாது. குப்பத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்களை நான் படுத்திய பாடு போதும்.

1983. எனக்குத் திண்டிவனத்தில் ஆபீஸ். அந்தக் காலத்தில் பஞ்சாயத்துக்கு ஒரு ரேடியோப் பெட்டி இருக்கும். இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வெளியே கம்பத்தின் உச்சியில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய். சாயங்காலம் பொறுப்பாளர் அலமாரியைத் திறந்து ரேடியோவைத் திருப்பினால் ஊருக்கே கேட்கும். கரண்ட் இல்லாத ஊர்களுக்கு பாட்டரி. அதை மாற்றுவதும், மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதும் என் வேலை.

விழுப்புரம், கோலியனூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. பஞ்சாயத்து ரேடியோவை யாரும் சீந்துவதில்லை. நானும் போவதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து எட்டு ஊருக்கும் சேர்த்து ‘நன்றாக இயங்குகிறது’ என்று எழுதிவிடுவேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. டீ நன்றாக இருந்தது என்பதுதான் நினைவிருக்கிறது.

அந்த எட்டில் ஒன்று, மரக்காணத்துக்குத் தெற்கே இருந்த மீனவர் குப்பம். அங்கே கரண்ட் இல்லை. ஊரில் இருந்த ஒரே டிரான்சிஸ்டரும் உப்புக்காற்றில் செத்துப்போயிருந்தது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று வானிலை கேட்க அவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோவை விட்டால் நாதியில்லை. அதன் பாட்டரி ஆகஸ்ட் மாதமே தீர்ந்துவிட்டது. ரேடியோப் பொறுப்பாளர் வீரமுத்து மூன்று முறை பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்.

“மூணு மாசமா ஊமையா கெடக்குது சார். நீங்க மனசு வச்சா முடியும்.”

“அடுத்த வாரம் வர்றேன் பெரியவரே.”

பாட்டரி ஆபீசுக்கு வந்திருந்தது. அந்தக் குப்பத்தின் பெயர் எழுதிய புது பாட்டரி. எங்கள் அதிகாரி அதை வீட்டுக்கு எடுத்துப்போய், தன் ரேடியோவில் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

தீபாவளி கழிந்து பத்து நாள். நவம்பர் 14, திங்கட்கிழமை. விழுப்புரத்திலிருந்து பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் அதிகாரி மதியமே அந்த பாட்டரியைக் கொண்டுவந்து பழைய அட்டைப்பெட்டியில் வைத்து, “ஜல்தி போய் மாட்டிட்டு வாய்யா” என்றார். அட்டையின் ஒட்டுத்தாள் கிழிந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. பார்க்கவில்லை. அவர் முன்னால் பார்த்தால் தப்பாக நினைப்பாரே என்று தோன்றியது. அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி 4.50. உப்பளத்து வரப்பில் நடந்தேன். காலையில் பளிச்சென்று இருந்த வானம் இப்போது கிழக்கே கறுத்து, கடலும் வானமும் ஒன்றாகிக் கிடந்தது. தூறல். தோளில் பாட்டரி கனத்தது.

5.55. குப்பத்தின் முதல் குடிசை தெரிந்தபோதே ரேடியோச் சத்தம் கேட்டது.

நின்றுவிட்டேன். பாட்டரி இல்லாமல் எப்படிப் பாடும்? வீரமுத்து எங்காவது கேட்டு வாங்கி மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வந்த வேலை மிச்சம்.

பஞ்சாயத்து அறை பூட்டியிருந்தது. வெளிப்பூட்டு. மேலே கம்பத்தில் குழாய் பேசிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வீரமுத்து வீடு. அவர் மனைவி ஜெயம்மாள் வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

“பாட்டரி கொண்டாந்துட்டீங்களா சார்? ஜல்தி போடுங்க சார். புள்ளைங்க ரெண்டு பேரும் கடல்ல இருக்குதுங்க. மாசிலாமணியும் பச்சைமுத்துவும். காலைல வெயிலடிச்சுது, நம்பிக் கட்டுமரத்த எடுத்துக்கினு போயிட்டானுங்க.”

“பெரியவரு எங்க?”

“கரையில நிக்கிறாரு. இந்த மூட்டத்துல கரை தெரியாது சார். ரேடியோச் சத்தம் எந்தப் பக்கம் வருதோ, அத வச்சித்தான் வழி புடிச்சி வருவானுங்க.”

“அதான் பாடிக்கினு இருக்குதே அம்மா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“எது சார்?”

நான் மேலே கை காட்டினேன். அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கரைப் பக்கம் ஓடினார். காது மந்தம் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

6.05. அறையைத் திறந்தேன். உள்ளே இருட்டு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரும்பு அலமாரியைத் திறந்தேன்.

ரேடியோ அணைந்திருந்தது.

ரேடியோத் திருகு அணைத்த நிலையில் இருந்தது. பாட்டரி வைக்கும் இடம் காலி. இரண்டு வயர்களும் பச்சைக் களிம்பு பூத்து அந்தரத்தில் தொங்கின. பெட்டிக்குள் சிலந்தி வலை. மூன்று மாதமாக யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

மேலே குழாய் பேசிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஊர்ச் சத்தம் காற்றில் வருகிறதோ? வெளியே வந்து கம்பத்தில் கையை வைத்தேன். இரும்பு அதிர்ந்தது. இதிலிருந்துதான்.

அப்போதுதான் என்ன பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்டேன்.

“...மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்... கடலில் இருப்பவர்கள் உடனே கரைக்குத் திரும்பவும்...”

ஒரு இருமல். மறுபடி அதே வாக்கியம். அதே இடத்தில் அதே இருமல்.

வழக்கமாகச் செய்தி வாசிக்கிறவர் குரல் இல்லை. கொஞ்சம் மூக்கால் பேசுகிற ஆண் குரல். எங்கோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது.

6.15. அதே வாக்கியம். இருமல்.

6.20. உள்ளே போய் டார்ச்சை அடித்தேன். ரேடியோ அணைந்தேதான் இருந்தது.

6.22. வாக்கியம் மாறியது.

“மாசிலாமணி... பச்சைமுத்து... இந்தப் பக்கம் வாங்க... கரை இங்க இருக்குது...”

வாசலுக்கு வந்து குழாயை அண்ணாந்து பார்த்தேன்.

எந்த நிலையம் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடும்?

“பச்சைமுத்து... இந்தப் பக்கம்... வாங்க...”

நிற்கவில்லை...

கூப்பிட்டுக்கொண்டே இருந்தது...

கட்டிங் பிளேயரை எடுத்தேன். ரேடியோவிலிருந்து குழாய்க்குப் போகும் வயரை வெட்டினேன்.

நின்றது.

6.26.

புது பாட்டரி மாட்டும் முன் குழாய் இணைப்பை எடுப்பது முறைதான் என்று ஆபீசில் பிறகு எழுதிக் கொடுத்தேன். பொய். பயந்துதான் வெட்டினேன். அந்தக் குரல் நின்றால் போதும் என்றிருந்தது.

பாட்டரியை மாட்டினேன். வயரை முறுக்கிச் சேர்த்தேன். திருகைத் திருப்பினேன். ஒரு கொரகொரப்புக்கூட இல்லை. அதிகாரி கடைசிச் சொட்டு வரை பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்திருந்தார்.

மறுபடி திருப்பினேன். அடித்தேன். அந்தக் குரலாவது திரும்ப வரட்டும் என்றுகூட நினைத்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கரைக்கு ஓடினேன். 6.40. வீரமுத்து இடுப்பளவு தண்ணீரில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போட்டீங்களா சார்? ஒண்ணும் கேக்கலியே!”

“இவ்ளோ நேரம் பாடிக்கினு இருந்துச்சே... உங்களுக்குக் கேக்கல?”

“எங்க சார் பாடுச்சி? இங்க இத்தினி பேரு நிக்கிறோம். யாருக்கும் ஒண்ணும் கேக்கல.”

சுற்றிலும் இருபது பேராவது இருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

அன்றிரவு யாரும் கரையேறவில்லை. காலையில் கட்டுமரத்தின் ஒரு கட்டை ஒதுங்கியது. மாசிலாமணி மூன்றாம் நாள் ஒதுங்கினான். இருபத்து மூன்று வயது. பச்சைமுத்து ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்துக் கிடந்ததைத் தெற்கே வேறு ஊர்ப் படகு பார்த்து உயிரோடு எடுத்திருந்தது.

சோதனைக்கு வருவதாக இருந்த பெரிய அதிகாரி வரவேயில்லை. அந்த மாத ரிப்போர்ட்டில் எல்லா ஊர் ரேடியோவும் நன்றாக இயங்கியது.

பச்சைமுத்துவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். டிசம்பர் 11. ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. ஜெயம்மாள் பாய் விரித்துப் போட்டு டீ கொடுத்தார்.

“மூணு மாசமா நடையா நடந்தாரு. நீங்களாவது மழையில பாட்டரியத் தூக்கிக்கினு வந்தீங்களே சார். நல்லா இருக்கணும் நீங்க.”

டம்ளரைக் கீழே வைத்தேன். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். வீரமுத்து சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைமுத்து உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பத்தொன்பது வயது. என்னை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்டெடுத்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள்.

நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

“உடம்பு எப்படி இருக்குது தம்பி?” என்றேன். கேட்டுவிட்டு இருமினேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

“இன்னொரு தபா பேசுங்க சார்” என்றான்.

“எதுக்குப்பா?”

“அம்மா... இவருதான். இந்தக் குரல்தான்.”

“இன்னாடா சொல்ற?” என்றார் ஜெயம்மாள்.

“ரேடியோவுல கூப்ட்டது இவருதாம்மா. ஒரே மூட்டம். ஒண்ணும் தெரியல. பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினே இருந்தாரு. அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கினேதான் துடுப்புப் போட்டோம். அலை கரையில மோதுற சத்தம்கூடக் கேட்டுச்சி. அம்மாம் கிட்ட வந்துட்டோம்...”

வீரமுத்து தலையைத் தூக்கினார்.

“அப்புறம் பட்டுனு நின்னுபோச்சி. அண்ணன் அந்தப் பக்கம்னான். நான் இந்தப் பக்கம்னேன். திருப்பும்போது அலை கவுத்துட்ச்சி.”

அவன் என்னையே பார்த்தான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“நல்லாத்தானே கூப்ட்டுக்கினு இருந்தீங்க. ஏன் சார் நிறுத்திட்டீங்க?”